கட்டடக்கலை மாணவர்களுக்குச் சங்கம் துணை நிற்பது எப்படி: கிளைப் பொறுப்பாளர்களுக்குச் சில வழிமுறைகள்

கட்டடக்கலைஞர் சங்கத்தின் கிளை ஒன்றில் மாணவர் குழுவின் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அலுவலக வேலையே தலைக்கு மேல் இருக்கும். சங்கத்தின் கையிருப்பும் பெரிதாக இருக்காது. ஒரு கருத்தரங்கு, ஒரு போட்டி, ஒரு பரிசளிப்பு விழா என்று நடத்திவிட்டால் ஆண்டறிக்கைக்குப் போதும் என்று யாராவது சொல்வார்கள். அவற்றையும் நடத்துங்கள். ஆனால் அதற்கு முன்பாக வேறொரு வேலையைத் தொடங்கிவிடுங்கள். மாணவர் ஒருவரின் வரைபடத்துக்கு முன்னால், தொழிலில் இருக்கும் ஒருவர் ஒரு மணி நேரம் உட்காருவதற்கு ஏற்பாடு செய்யுங்கள். மாணவர் குழுவைப் பல ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு, சங்கம் தரக்கூடிய வேறெந்த உதவியும் இதற்கு ஈடாகத் தெரியவில்லை.

மாணவர்களைக் கவனிப்பது சங்கத்தின் ஓரத்து வேலை என்று நினைப்பவர்களிடம் நான் வரலாற்றைத்தான் எடுத்துக்காட்டுவேன். லண்டனில் 1847இல் ஆர்க்கிடெக்சுரல் அசோசியேஷனைத் தொடங்கியவர்கள், அலுவலகங்களில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது கிடைத்த கல்வி போதாது என்று கொதித்த இளைஞர்கள். இந்தியக் கட்டடக்கலைஞர் கழகம் 1917இல் பம்பாயில் உருவானபோது அதன் பெயரே கட்டடக்கலை மாணவர் சங்கம்தான். இன்றைய பெயர் 1929இல் வந்தது. மாணவர்கள் தொடங்கிவைத்த வீட்டில் அவர்களுக்கு ஒரு நாற்காலி போடுவதைப் பெரிய தயவாக நாம் நினைக்க வேண்டியதில்லை.

மாணவர்–வழிகாட்டி இணைப்பு

பிரிட்டனின் ராயல் இன்ஸ்டிடியூட் ஆஃப் பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட்ஸ், சுருக்கமாக ரிபா, மாணவர்களை அலுவலகங்களோடு இணைக்கும் வழிகாட்டித் திட்டம் ஒன்றை நடத்துகிறது. அந்த அளவுக்கு ஆள்பலம் இல்லாத சிறு கிளையும் இதைச் செய்யலாம். பத்து அலுவலகங்கள் ஒப்புக்கொண்டால் போதும். ஓர் அலுவலகத்துக்கு மூன்று மாணவர்கள். தனியாக அனுப்பினால் மாணவர் கூச்சத்தில் வாய் திறப்பதில்லை. பத்துப் பேராக அனுப்பினால் அது சுற்றுலாவாகிவிடுகிறது. மூன்று பேர் என்பது ஒரு மேசையைச் சுற்றி நிற்கக்கூடிய கூட்டம்.

ஆண்டுக்கு நான்கு சந்திப்புகள் என்று முன்கூட்டியே தேதி குறித்துவிடுங்கள். ‘எப்போது வேண்டுமானாலும் வரலாம்’ என்று சொல்லி அனுப்பினால் யாரும் வர மாட்டார்கள், அழைத்தவரும் மறந்துவிடுவார். முதல் சந்திப்பு அலுவலகத்தில் நடக்கட்டும். அங்கே முடிந்துபோன திட்டத்தின் அழகான படங்களைக் காட்டுவதைவிட, ஒரு திட்டத்தின் முதல் கிறுக்கலிலிருந்து கடைசி வேலை வரைபடம் வரை எல்லாவற்றையும் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். தூக்கி எறியப்பட்ட வடிவங்களும் அந்த அடுக்கில் இருக்க வேண்டும். இரண்டாவது சந்திப்பு கட்டுமான இடத்தில். கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தைய நாள் போனால் நல்லது. கம்பி கட்டியிருப்பதை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு மறுநாள் இருக்காது. மூன்றாவது, வாடிக்கையாளரும் கட்டமைப்புப் பொறியாளரும் அமரும் கூட்டம் ஒன்றில் ஓரமாக உட்கார அனுமதி. வாடிக்கையாளரின் சம்மதத்தை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். நான்காவதுதான் நான் தொடக்கத்தில் சொன்னது: மாணவர் தம் சொந்த வேலையை எடுத்து வரும் நாள்.

அந்த நான்காவது சந்திப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதை, நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றை வைத்தே சொல்கிறேன். மூன்றாமாண்டு மாணவி ஒருவர் நூலகம் ஒன்றை வடிவமைத்து எடுத்து வந்திருந்தார். தளத்துக்குத் தளம் உயரம் 3.3 மீட்டர். படி ஒன்றின் உயரம் 150 மில்லிமீட்டர், கால் வைக்கும் அகலம் 300. இரண்டு படி உயரங்களையும் ஒரு மிதி அகலத்தையும் கூட்டினால் 600 வருகிறது. ஏறுவதற்கு வசதியான படிக்கட்டுக்கு அந்தக் கூட்டுத்தொகை 600க்கும் 640க்கும் இடையில் இருக்க வேண்டும் என்ற பழைய விதிக்குள் சரியாக அமர்ந்திருந்தது. மொத்தம் 22 படிகள். பதினொன்று ஏறியதும் லேண்டிங் என்னும் இடைத்தளம், பிறகு திரும்பி இன்னும் பதினொன்று. பிளான் சுத்தமாக இருந்தது. லேண்டிங்கின் கீழே மிஞ்சிய இடத்தில் புத்தக அறைக்கு ஒரு கதவு வைத்திருந்தார்.

வழிகாட்டியாக வந்த மூத்தவர் தவறு என்று சொல்லவே இல்லை. “இந்தக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வாம்மா. வந்தாயிற்றா? தலைக்கு மேல் என்ன இருக்கிறது?” என்று கேட்டார்.

“லேண்டிங், சார்.”

“எவ்வளவு உயரத்தில்?”

மாணவி வாய்க்குள்ளேயே கணக்குப் போட்டார். பதினொரு படி, 1.65 மீட்டர். அதில் கான்கிரீட் பலகையின் கனம் 15 சென்டிமீட்டர் போக, ஒன்றரை மீட்டர். கணக்கு முடிந்த நொடியில் அவருடைய கை தன்னையறியாமல் தலைக்குப் போனது. மூத்தவர் அப்போதும் அவருடைய ஷீட்டின் மேல் பேனாவை வைக்கவில்லை. அடியில் இருப்பது தெரியும் மெல்லிய பட்டர் பேப்பர் ஒன்றைக் கிழித்து அதன் மேல் விரித்து, பென்சிலை மாணவியிடமே கொடுத்தார். கதவை நகர்த்துவதா, முதல் வரிசையின் படிகளைக் கூட்டி லேண்டிங்கை உயர்த்துவதா, அல்லது அந்த இடத்தை உட்கார்ந்து படிக்கும் மாடமாக மாற்றிவிடுவதா என்று மாணவியே மூன்று வழிகளை வரைந்தார். உட்காருபவருக்கு ஒன்றரை மீட்டர் தாராளம் என்று கண்டுபிடித்ததும் அவர்தான். மூன்று வழிகளில் அந்த மாடம்தான் நூலகத்துக்கே ஓர் அழகைக் கொடுத்தது.

வழிகாட்டிகளுக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய அறிவுரை முழுவதும் இந்தக் காட்சிக்குள் இருக்கிறது. மாணவரின் தாளில் வரையக் கூடாது. தீர்வைச் சொல்வதற்கு முன் கேள்வி கேட்க வேண்டும். அதுவும் ‘உன் கருத்தாக்கம் என்ன?’ என்பது போன்ற பெரிய கேள்வியாக இல்லாமல், மழைநீர் எங்கே போகிறது, சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியாக நுழைவார், மாலை நான்கு மணிக்கு எந்தச் சன்னலில் வெயில் விழும் என்று, உடல் அளவில் கேட்க வேண்டும். ‘எங்கள் காலத்தில்…’ என்று தொடங்கும் பேச்சுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் இடமே இல்லை.

யாரை முதலில் சேர்ப்பது என்பதிலும் நான் பிடிவாதமாக இருப்பேன். மதிப்பெண் பட்டியலின் உச்சியில் இருப்பவர்களுக்கு வழி எப்படியும் திறக்கும். குடும்பத்தில், உறவில், தெருவில் எங்கேயும் ஒரு கட்டடக்கலைஞரைப் பார்த்திராமல் படிக்க வந்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு ஓர் அலுவலகத்தின் கதவை எப்படித் தட்டுவது என்பதே தெரியாது. விண்ணப்பப் படிவத்தில் ‘கட்டடக்கலைத் துறையில் இருக்கும் யாரையாவது உங்களுக்குத் தனிப்பட்ட முறையில் தெரியுமா?’ என்று ஒரு கேள்வி வையுங்கள். ‘இல்லை’ என்று எழுதியவர்களுக்கு முதலிடம் கொடுங்கள்.

பயிற்சிக் காலம்

மாணவர் அதிகம் அலைக்கழியும் காலம் இது. சங்கத்தின் சொல்லுக்கு எடை இருக்கும் காலமும் இதுவே. யுனெஸ்கோவும் பன்னாட்டுக் கட்டடக்கலைஞர் ஒன்றியமும் சேர்ந்து 1996இல் வெளியிட்ட கட்டடக்கலைக் கல்விச் சாசனம், குறைந்தது ஐந்தாண்டு முழுநேரப் படிப்பு வேண்டும் என்பதோடு, தொழிற்பயிற்சியையும் அந்தக் கல்வியின் பகுதியாகவே பார்க்கிறது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? பயிற்சிக்குப் போன மாணவர் மாதக்கணக்கில் கணினியில் முப்பரிமாணப் படங்களுக்கு மரமும் மனிதர்களும் ஒட்டிக்கொண்டிருப்பார். சான்றிதழில் ‘பயிற்சி திருப்திகரம்’ என்று இருக்கும்.

இதற்கு மருந்து குறிப்பேடு. அமெரிக்காவில் உரிமம் பெற விரும்புபவர் ஆறு துறைகளில் மொத்தம் 3,740 மணி நேர அனுபவத்தைப் பதிவு செய்ய வேண்டும். அலுவலக மேலாண்மை முதல் கட்டுமான இடத்துக் கண்காணிப்பு வரை அதில் வரும். பிரிட்டனில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாணவர் பதிவேட்டை நிரப்பி, அலுவலக வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி, கல்லூரி ஆலோசகரிடம் காட்டுகிறார். மணிக்கணக்கைவிட, எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று ஒரு பார்வையில் தெரிவதுதான் இதன் பலன். நான்கு மாதமாகியும் ‘கட்டுமான இடம்’ என்ற கட்டம் காலியாக இருந்தால், மாணவர் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவதை அந்தக் காலிக் கட்டம் கேட்டுவிடும்.

உங்கள் நாட்டுச் சட்டம் இப்படியொரு பதிவேட்டைக் கேட்கிறதோ இல்லையோ, உங்கள் கிளை ஒரே ஒரு பக்கத்தில் தயாரித்துக் கொடுக்கலாம். இடப்பக்கம் வேலையின் வகைகள்: அளவெடுத்தல், ஆரம்ப வடிவமைப்பு, அனுமதி வரைபடங்கள், வேலை வரைபடங்கள், அளவுப்பட்டியல், கட்டுமான இடம், வாடிக்கையாளர் சந்திப்பு. வலப்பக்கம் வாரங்கள். அடியில் இரண்டு வரி: இந்த மாதம் புரிந்தது என்ன, புரியாதது என்ன. இதில் கையெழுத்திடும் பொறுப்பை அலுவலகத்தின் மூத்தவர் ஏற்க வேண்டும். கொடுத்த ஒரு வாரத்துக்குள் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துக்காக மாணவரை அலையவிடும் அலுவலகத்துக்கு அடுத்த ஆண்டு மாணவர்களை அனுப்பாதீர்கள். இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஊதியம் பற்றி மென்று விழுங்காமல் பேச வேண்டும். ‘கற்றுக்கொடுக்கிறோமே, சம்பளம் எதற்கு?’ என்ற வாதத்தை நான் ஏற்றுக்கொண்டதில்லை. மாணவர் வரைந்த தாளுக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்குகிற அலுவலகம், வரைந்தவருக்கும் கொடுக்க வேண்டும். ரிபா 2011இலிருந்து, தன் பட்டயம் பெற்ற அலுவலகங்கள் தங்களிடம் வேலை செய்யும் மாணவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியமாவது கொடுத்தாக வேண்டும் என்பதை நிபந்தனையாக்கியது. சங்கத்துக்கு இருக்கும் உண்மையான பலம் இதுதான்: உறுப்பினர் என்ற பெயரைக் கொடுக்கவும் முடியும், அதற்கு நிபந்தனை விதிக்கவும் முடியும். உங்கள் கிளையால் விதி செய்ய முடியாவிட்டாலும், ஊதியத்தை எழுத்தில் உறுதி செய்யும் அலுவலகங்களின் பட்டியலை மட்டும் மாணவர்களுக்குக் கொடுக்க முடியும். பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் தாமாகவே விசாரிக்க வருவார்கள்.

பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பருவத்துக்கு ஒரு மாதம் முன்பாக ஒரு சனிக்கிழமை மாணவரின் வேலைத் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைப் பார்க்கும் நாள் வையுங்கள். ஒரு மாணவருக்கு இருபது நிமிடம், இரண்டு மூத்தவர்கள். எதைச் சேர்ப்பது என்று சொல்லுவதைவிட எதை எடுப்பது என்று சொல்வதுதான் அங்கே பயன்படும்.

போட்டி நடத்துவதானால்

ரிபா மாணவர்களுக்குத் தரும் பிரெசிடென்ட்ஸ் மெடல்ஸ் 1836இல் தொடங்கிய மரபு. இன்று அதில் முதற்கட்டப் படிப்புக்கு வெண்கலம், அடுத்த கட்டத்துக்கு வெள்ளி என்று வடிவமைப்புக்குப் பதக்கங்கள் இருப்பதோடு, ஆய்வேட்டுக்கும் தனிப் பதக்கம் இருக்கிறது. இந்தக் கடைசிச் செய்தியைக் கவனியுங்கள். வடிவமைப்பில் மின்னாத ஒருவர் நன்றாக எழுதுவார். இன்னொருவர் பழைய மண்டபம் ஒன்றை ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் அளந்து வரைவார். இந்தியாவில் 1957 முதல் இயங்கும் தேசியக் கட்டடக்கலை மாணவர் சங்கமான நாசா, கட்டடக்கலைஞர் லூயி கான் பெயரில் தரும் கோப்பை இப்படிக் கட்டடங்களை ஆவணப்படுத்தும் வேலைக்கானது. எல்லாப் பரிசையும் பளபளப்பான படத்துக்கே கொடுத்துக்கொண்டிருந்தால், தொழிலுக்குத் தேவையான பாதித் திறமைகளை நாமே மதிப்பில்லாதவை என்று அறிவிக்கிறோம். ஒரு பரிசு எழுத்துக்கு, ஒன்று அளவெடுத்து வரைந்த வரைபடத்துக்கு, ஒன்று கட்டடத்தின் சிறு மாதிரியைச் செய்தவருக்கு என்று பிரித்துக் கொடுங்கள்.

நுழைவுக் கட்டணம் வேண்டாம். கடைசித் தேதி பருவத் தேர்வோடு, மாணவர் வேலையை மூத்தவர்கள் மதிப்பிடும் ஜூரியோடு மோதக் கூடாது. நாள் குறிக்கும் முன் கல்லூரிகளைக் கேட்டுவிடுங்கள். வடிவமைப்பின் உரிமை மாணவரிடமே இருக்கும் என்பதை அறிவிப்பிலேயே எழுதுங்கள். ஒரு நிறுவனத்துக்கு இலவசமாக யோசனை சேகரித்துக் கொடுக்கும் போட்டிக்குச் சங்கத்தின் பெயரைக் கடன் கொடுக்காதீர்கள், எவ்வளவு நன்கொடை கிடைத்தாலும் சரி.

எல்லாவற்றுக்கும் மேலாக, தோற்றவர்களுக்கு எழுதுங்கள். நடுவர்கள் ஒவ்வொரு படைப்புக்கும் நான்கு வரி எழுதித்தர ஒப்புக்கொண்டால்தான் அவர்களை நடுவர்களாக அழைக்க வேண்டும் என்பது என் கட்சி. அறுபது பேர் கலந்துகொண்டு மூன்று பேர் பரிசு பெறும் போட்டியில் ஐம்பத்தேழு பேருக்குக் கிடைப்பது என்ன? ‘உங்கள் செக்‌ஷனில் மரத்தின் வேர் கார் நிறுத்துமிடத்துக் கூரைக்குள் இறங்குகிறது, மண் ஆழத்தை யோசித்தீர்களா?’ என்று ஒரு வரி வந்தால் அந்த மாணவர் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டார். தன் வரைபடத்தை ஒருவர் வேர் வரைக்கும் பார்த்திருக்கிறார் என்பதே அவருக்குப் பெரிய ஊக்கம்.

பரிசளிப்பு மேடையில் ஒரு பழக்கத்தை நிறுத்திவிடுங்கள். ‘மூன்று இரவு தூங்காமல் செய்திருக்கிறார்’ என்று யாரையும் புகழாதீர்கள். அமெரிக்காவின் கட்டடக்கலை மாணவர் அமைப்பான ஏஐஏஎஸ் 2002இல் ஸ்டுடியோ கலாசாரம், அதாவது வடிவமைப்பு வகுப்பறையின் வேலைப் பழக்கங்கள், பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. தூக்கமின்மையைப் பெருமையாகப் பேசும் வழக்கத்தை அது நேருக்கு நேர் கேள்வி கேட்டது. அதன் பின் அங்குள்ள அங்கீகார வாரியம், ஒவ்வொரு கல்லூரியும் ஸ்டுடியோ கலாசாரம் குறித்து எழுத்துபூர்வமான கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கியது. மாணவர் அமைப்பு வெளியிட்ட ஓர் அறிக்கை விதியாக மாறிய கதை இது. உங்கள் கிளையிலிருந்து ஜூரிக்குப் போகும் உறுப்பினர்களிடம் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தனுப்புங்கள்: மாதிரியைக் கையால் உடைக்கக் கூடாது, தாளைத் தூக்கி எறியக் கூடாது, ஆளைப் பற்றிப் பேசக் கூடாது, வேலையைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் பேசலாம்.

கைச்செலவுக்கு

கட்டடக்கலைப் படிப்பு, கல்லூரிக் கட்டணத்தோடு முடிவதில்லை. அச்சு, மாதிரிக்கான அட்டையும் பலகையும், மென்பொருள் தாங்கும் கணினி, கட்டுமான இடங்களுக்குப் போகும் பயணச் செலவு என்று ஒவ்வொரு பருவமும் பிடுங்கும். பிரிட்டனில் 1850இல் தொடங்கிய ஆர்க்கிடெக்ட்ஸ் பெனவலன்ட் சொசைட்டி துறையினரின் துயர்நீக்கத்துக்கே உள்ள அமைப்பு. ரிபாவும் கஷ்டப்படும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு கல்வி நிதி வைத்திருக்கிறது. சிறிய கிளை பெரிய உதவித்தொகையை அறிவிக்க வேண்டியதில்லை. சிறு தொகையை விரைவாகக் கொடுக்கும் நிதி ஒன்று போதும். விண்ணப்பம் ஒரு பக்கம், முடிவு பத்து நாளுக்குள், பெயர் வெளியே வரக் கூடாது, மேடையில் காசோலை கொடுத்துப் புகைப்படம் எடுக்கக் கூடாது. காசாகக் கொடுக்க முடியாத கிளை பொருளாகக் கொடுக்கலாம்: உறுப்பினர் அலுவலகங்களின் அச்சு இயந்திரத்தைச் சமர்ப்பிப்பு வாரத்தில் மாலை நேரங்களில் மாணவர்களுக்குத் திறந்துவிடுவது, கணினி மாற்றும்போது பழையதிலுள்ள கோப்புகளை அழித்துக் கொடுப்பது, மிஞ்சிய அட்டைகளையும் பொருள் மாதிரிகளையும் ஓர் அலமாரியில் சேர்ப்பது. அந்த அலமாரி எங்கள் கிளையில் இருக்கிறது. சமர்ப்பிப்பு வாரத்தில் அது காலியாவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய நிறைவு.

பயண உதவி கொடுக்க முடிந்தால் கட்டாயம் கொடுங்கள். 2006இல் ஏற்படுத்தப்பட்ட ரிபா நார்மன் ஃபாஸ்டர் பயண உதவித்தொகை, மாணவர் ஒருவரை நாடு நாடாகச் சென்று ஆய்வு செய்ய அனுப்புகிறது. நம்மால் முடிந்தது பக்கத்து நகரத்துக் கட்டடம் ஒன்றை இரண்டு நாள் அளந்து வர அனுப்புவதாகவே இருக்கலாம். திரும்பி வந்ததும் கிளைக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும்.

கூட்டத்தில் ஓர் இடம்

கிளைச் செயற்குழுவில் மாணவர் பிரதிநிதிகள் இருவர் இருக்கட்டும். ஒருவர் மட்டும் இருந்தால் மூத்தவர்களுக்கு நடுவில் தனித்துப்போவார். அவர்களை மாணவர்களே தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரி முதல்வர் அனுப்பிவைக்கும் ‘நல்ல பிள்ளை’ பிரதிநிதியாக மாட்டார். மாணவர் தொடர்பான செலவுகளில் அவர்களுக்கு வாக்கு இருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் அவர்களுடைய பொருளை முதலில் எடுங்கள். இரவு ஒன்பதரை மணிக்கு, எல்லோரும் சாவியைக் கையில் எடுத்த பிறகு எடுத்தால் அது கேட்பதாகாது.

படித்து முடித்தவர்களில் எல்லோரும் கட்டடக்கலைஞர் ஆவதில்லை. சிலர் அரங்க வடிவமைப்புக்கும், சிலர் நகரத் திட்டமிடலுக்கும், சிலர் முற்றிலும் வேறு வேலைகளுக்கும் போவார்கள். அவர்களையும் சங்கம் தன் பிள்ளைகளாகவே வைத்துக்கொள்ள வேண்டும். நாளை நல்ல கட்டடம் கேட்கும் வாடிக்கையாளர்கள் அவர்களிலிருந்தும் வருவார்கள்.

கடைசியாக ஒரு நிர்வாக வேலை. பட்டம் பெற்ற அன்றே மாணவர் உறுப்பினர் என்ற தகுதி முடிந்து, முழு உறுப்பினராகத் தகுதி வர இன்னும் காலம் இருக்கும். அந்த இடைவெளியில்தான் பெயர்கள் பட்டியலிலிருந்து உதிர்கின்றன. உங்கள் விதிகள் இடம் கொடுத்தால், பட்டம் பெற்ற பிறகும் இரண்டாண்டுகள் மாணவர் சந்தாவிலேயே தொடரலாம் என்று தீர்மானம் போடுங்கள். கல்லூரி மின்னஞ்சல் முகவரி படிப்போடு முடிந்துவிடும் என்பதால், இறுதியாண்டுத் தொடக்கத்திலேயே அவர்களின் சொந்த முகவரியையும் கைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் பெற்று ஆறாவது மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு; வேலை கிடைத்ததா, ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, உரிமத் தேர்வுக்கோ பதிவுக்கோ உதவி வேண்டுமா என்று விசாரிக்க. இந்த அழைப்பைச் செய்ய வேண்டியவர் அவருடைய பழைய வழிகாட்டி. அந்தப் பெயரையும் மாதத்தையும் இணைப்புப் பட்டியலில் முதல் நாளே எழுதிவிடுங்கள்.